மூன்றரை மணி வெயில்

எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு ஸ்கிரீன் போட நான் மூன்று முறை மெனக்கெட்டேன். மூன்று முறையும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் டேப்பைப் பிடித்து அளவெடுத்தது. மூன்று முறையும் பதினோரு மணிக்குள் வேலையை முடித்துவிட்டு, பல்லாவரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினோம். அங்கே போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவோம். இப்படி வரிசையாக எழுதும்போது எங்கே தப்பு நடந்தது என்று பளிச்சென்று தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அந்த ஜன்னலால் என் மனைவி இழந்த தூக்கத்தை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் ஒரு ஜன்னலைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவள் செவிலியர். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் நைட் டியூட்டி வரும். இரவு 8 மணிக்கு ஏறினால் காலை 8 மணிக்கு அடுத்த ஷிப்டிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு, வீடு வந்து குளித்து, சாப்பிட்டுப் படுக்கப் பத்து மணி ஆகிவிடும். அதிலிருந்து நாலரை வரையாவது தூங்கினால்தான் அடுத்த இரவு நிற்க முடியும். மருந்தின் அளவைச் சரிபார்த்து ஊசி போடுகிற வேலை. கண் செருகக் கூடாது. நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பினால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு. சனிக்கிழமையும் வேலை உண்டு. ஆக, அவள் தூங்குகிற நேரத்தில் அந்த அறை எப்படி இருக்கும் என்பதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

வீடு நங்கநல்லூரில். மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. ஹால் ஜன்னல் கிழக்கு, படுக்கையறை ஜன்னல் மேற்கு. தை மாதம் குடி வந்தோம். வந்த அன்று படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் யாரோ பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏதோ குடோன் ஜன்னல் மாதிரி இருந்தது. மைதா பசை காய்ந்து கல்லாகியிருந்ததால் ஈரத்துணியை ஒட்டி ஊறவைத்து, பிளேடால் சுரண்டி எடுக்க முழுதாக இரண்டு மணி நேரம் ஆனது. எடுத்து முடித்ததும் அறை முழுவதும் வெளிச்சம் வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

ஆணி அடிக்க இடமில்லாத ஜன்னல்

சென்னையில் கொஞ்சம் பழைய ஃப்ளாட்டில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இந்த மாதிரி ஜன்னல் தெரிந்திருக்கும். நான்கடிக்கு நான்கடி, மரச்சட்டம், மூன்று கதவு. வெளியே ஒன்றரை அடிக்கு நீட்டிய பெட்டி கிரில். அதற்கு மேலே சன்ஷேடு. வெளியிலிருந்து பார்த்தால் குறையே இல்லாத ஜன்னல். உள்ளே வந்து ஸ்கிரீன் ராடு மாட்டலாம் என்று பார்த்தால் ஒரு பக்கமும் இடமில்லை. சட்டத்துக்கு மேலே இரண்டு அங்குலம் சுவர், அதற்கு மேல் கான்கிரீட் பரண். வலது பக்கம் வடக்குச் சுவரோடு கட்டிய அலமாரி, அதன் பக்கப்பலகை ஜன்னல் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இடது பக்கம் ஒரு சாண் சுவர், அதிலும் சுவிட்ச்போர்டு. ராடைத் தாங்குகிற பிராக்கெட்டை வைக்க உள்ளங்கை அளவு இடம் கிடையாது. இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று குடிவரும்போதே ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சுவர் அவருடையது. ஆனால் அட்வான்ஸ் என்னுடையது. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று 2017-ஆம் வருடத்து வாடகைச் சட்டம் சொல்கிறது. அந்த ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லுக்குள்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நாங்கள் ஆறு மாத வாடகையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். ஒவ்வோர் ஆணி ஓட்டையும் அந்தப் பணத்திலிருந்து எவ்வளவைப் பிடிக்கும் என்ற கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். முந்தைய வீட்டைக் காலி செய்தபோது ஆணி ஓட்டைகளைப் பற்பசை வைத்து அடைத்து, காய்ந்ததும் மேலே சாக்பீஸ் தேய்த்தோம். அதையெல்லாம் திரும்பச் செய்யக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் முறை, ரெடிமேட் ஸ்கிரீன். கடையில் ஐந்தடி, ஏழடி, ஒன்பதடி என்று மூன்று உயரத்தில் இருக்கும். ஜன்னலுக்கு ஐந்தடி. நாலடி அகல ஜன்னலுக்குச் சுருக்கம் விழ இரண்டு பீஸ் வேண்டும் என்றார்கள். அது நியாயம்தான், ஜன்னலின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது துணி இல்லாவிட்டால் விரித்த வேட்டி மாதிரி தட்டையாகத் தொங்கும். 900 ரூபாய். ராடுக்குப் பதில், ஆணியே வேண்டாம், ஒட்டினால் போதும் என்று விற்கிற கொக்கியை வாங்கி அந்த இரண்டங்குலச் சுவரில் ஒட்டினேன். மூன்றாவது நாள் கொக்கி விழுந்தது. கொக்கியோடு சுவரின் டிஸ்டெம்பரும் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. அந்தக் கொக்கி டைல்ஸில் நிற்கும், கண்ணாடியில் நிற்கும், பாலிஷ் போட்ட மரத்தில்கூட நிற்கும். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் அது சுவரைப் பிடிப்பதில்லை, சுவரின் மேலிருக்கும் மாவைத்தான் பிடிக்கிறது. ஓட்டைக்குப் பயந்து அதைவிடப் பெரிய காயத்தைச் சுவரில் ஏற்படுத்தினேன்.

இரண்டாவது முறை, ஸ்பிரிங் ராடு. இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே இறுக்கி நிறுத்துவது. ஜன்னல் சுவரின் தடிமனில் நாலங்குலம் உள்வாங்கியிருந்ததால் அதற்கு இடம் கிடைத்தது. இந்த முறை சும்மா துணி வேண்டாம், வெளிச்சமே வராத பிளாக்அவுட் துணி போடலாம் என்று நினைத்தேன். மனைவி பகலில் தூங்குகிறவள், இருட்டுதானே வேண்டும்? நடுவில் கறுப்பு நூல் கொடுத்து நெய்த துணி, நல்ல கனம். ராடு 650, துணி 1,400. மாட்டியதும் அறை சினிமா தியேட்டர் மாதிரி இருட்டியது. சரி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஸ்பிரிங் ராடை நீட்ட நீட்ட அதன் பிடி குறையும், நடுவில் தொய்யும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு மதியம் இரண்டு மணிக்கு ராடும் துணியும் தூங்கிக்கொண்டிருந்தவளின் கால்மேல் விழுந்தன. நல்லவேளை, கால்மேல்தான். அவள் எனக்கு போன்கூடச் செய்யவில்லை. இரவு நான் வந்தபோது, கிளம்புகிற அவசரத்தில், “அந்தக் கம்பி விழுந்துருச்சுங்க, பாத்து மாட்டுங்க” என்றாள், அவ்வளவுதான். ராடின் முனையில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து மறுபடியும் இறுக்கினேன்.

மூன்றாவது முறை, பிளைண்ட்ஸ். ஒரு கடையிலிருந்து ஆள் வந்து அளந்தார். வரிவரியாக வரும் ஜீப்ரா பிளைண்ட்ஸுக்கு அவர் சொன்ன விலை எங்களுக்கு அதிகம். விலையை விடுங்கள், அது அந்த ஒரு ஜன்னலின் அளவுக்கென்றே வெட்டித் தைப்பது. அடுத்த வீட்டின் ஜன்னல் அரையடி அதிகமாக இருந்தால் அதைச் சுருட்டிப் பரணில்தான் போட வேண்டும். மேலே துளை போடவும் வேண்டும். அவரை அனுப்பிவிட்டு, கண்ணாடியில் ஒட்டுகிற சன் ஃபிலிமைப் பற்றிக் கொஞ்ச நாள் யோசித்தேன். பகலில் வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது, உண்மைதான். இரவில் நாம் விளக்கைப் போட்டதும் அப்படியே தலைகீழாகும் என்று தெரிந்ததும் அந்த யோசனையையும் விட்டேன். மூன்றாவது முறை வெறும் அலைச்சலோடு முடிந்தது.

ஹாலில் கிடந்த தலையணை

சித்திரை பிறந்து சில நாளில் ஒரு விஷயம் தினமும் நடந்தது. நான் வேலை முடிந்து வரும்போது ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு தலையணை கிடக்கும். நான் அதை எடுத்துப் படுக்கையறையில் போடுவேன். மறுநாளும் கிடக்கும். மறுநாளும் எடுத்துப் போடுவேன். ஏன் என்று கேட்கவே இல்லை. அவள் கிளம்பும் நேரமும் நான் நுழையும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. சாப்பிட்டாயா, சாவி எடுத்தாயா என்பதற்குமேல் பேச நேரம் இருக்காது. கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆனபோது ஒரு நாள் கேட்டேன். “மூணு மணிக்கு மேல அங்க படுக்க முடியலங்க. ஹால்ல தரையில படுத்துக்கிறேன், தரை கொஞ்சம் சில்லுனு இருக்கு” என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். “பங்குனி கடைசியிலேர்ந்து.”

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. மூவாயிரம் ரூபாய் செலவு செய்தேன், இருட்டாக்கினேன், அப்படியும் அவள் தரையில் படுத்திருக்கிறாள். ஹாலில் கிழக்கு ஜன்னல் வழியாகத் தெருச் சத்தம் முழுவதும் வரும். குக்கர் விசில், வண்டி ஹார்ன், மூன்றரைக்குப் பள்ளி வேன். ஒரு மாதமாக அவள் துண்டு துண்டாகத் தூங்கிவிட்டு வார்டுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் நான் லீவு போட்டேன். அந்த அறையில் பகல் முழுவதும் உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவளை ஹாலில் படுக்கவைத்து, ஹால் ஜன்னல் கதவை அடைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு நான் படுக்கையறைக்குள் போனேன்.

ஒரு மணிக்கு அறையில் பெரிய சூடு இல்லை. பிளாக்அவுட் துணி இருக்கையில் ஒன்றும் தெரியாது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். இரண்டு மணி தாண்டியதும் ஜன்னல் திண்டின்மேல் கோடு மாதிரி வெயில் விழுந்தது. சன்ஷேடு மேல் பாதியைப் பார்த்துக்கொண்டது, வெயில் கண்ணாடியின் அடிப்பகுதியில்தான் முதலில் ஏறியது. அங்கிருந்து மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்தது. நான் கவனித்தது அது எந்தப் பக்கமாக நகர்கிறது என்பதை. தை மாதம் இதே ஜன்னலில் வந்த மாலை வெயில் வலது பக்கம் அலமாரிக் கதவில் விழுந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்தக் கதவின் கைப்பிடி பளபளக்கும். இப்போது அது இடது பக்கம், கட்டிலை நோக்கி வந்தது. 

பிறகு யோசித்தபோது காரணம் புரிந்தது. நாம் பள்ளியில் படித்ததுதான், வீட்டுக்குள் வைத்துப் பார்த்ததில்லை. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்துவிட்டு வடக்குப் பக்கம் போய்விடுகிறது, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பி வருகிறது. அந்த மாதங்களில் மேற்கு ஜன்னலில் நின்று வெளியே பார்த்தால் மாலைச் சூரியன் நமக்கு வலது கைப் பக்கம் இருக்கும். மார்கழி, தையில் இடது கைப் பக்கம். ஒரே ஜன்னல், ஆறு மாதத்தில் வேறு ஜன்னலாகிவிடுகிறது. நாங்கள் தை மாதத்து ஜன்னலைப் பார்த்துக் கட்டிலைப் போட்டிருந்தோம்.

மூன்றரைக்கு வெயில் கட்டிலின் மேல் ஏறியது. அவள் தலை வைக்கும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன், விரிப்பு சுட்டது. அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன். எதிர்வெயிலில் கண்ணாடியில் ஒரு கோடு தெரிந்தது. நான் சுரண்டியும் போகாமல் மிஞ்சிய பசைக் கறை. வலது பக்க இரண்டு கதவுகளில் மட்டும், அதுவும் கீழ்ப் பாதியில் மட்டும், அளவெடுத்து வெட்டின மாதிரி ஒரு செவ்வகம். கட்டிலுக்கு வந்துகொண்டிருந்த வெயில் முழுவதும் அந்தச் செவ்வகத்துக்குள்ளிருந்துதான் வந்தது. மீதிக் கண்ணாடியில் பட்ட வெயில் தரையிலும் கதவோரத்திலும் விழுந்து யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது. யாரோ ஒருவர் இதே அறையில், இதே நேரத்தில் உட்கார்ந்து, எவ்வளவு மறைத்தால் போதும் என்று பார்த்து, அவ்வளவை மட்டும் மறைத்திருக்கிறார். காசில்லாமல், ஓட்டை போடாமல். நான் அதைக் குப்பை என்று நினைத்து இரண்டு மணி நேரம் சுரண்டினேன். சுரண்டும்போது ஒரு துண்டில் ஏப்ரல் மாதத் தேதியைப் பார்த்ததும் அப்போது ஞாபகம் வந்தது. கோடையில் ஒட்டியது. வெயில் வலது பக்கமிருந்து வரும்போது ஒட்டியது.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்காவிடம், எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் யார் என்று கேட்டேன். “சின்னப் பிள்ளைங்கப்பா ரெண்டு பேரும். கைக்குழந்தை வச்சிருந்தாங்க. அந்த ரூம்லதான் தூளி கட்டியிருந்தாங்க, நீங்க கொக்கி பாக்கலையா?” என்றார். பார்த்திருந்தேன். ஃபேனுக்கு இடது பக்கம் கூரையில் ஓர் இரும்புக் கொக்கி, இப்போது எங்கள் கட்டிலுக்கு நேர் மேலே. எதற்கு என்று யோசித்ததில்லை. அன்று இரவு கட்டிலில் படுத்து அந்தக் கொக்கியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தை மத்தியானம் தூங்க வேண்டும் என்று அவர்கள் அந்தக் காகிதத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

மூன்றுக்கு ஆறு பாய்

காகிதத்தையே திரும்ப ஒட்டியிருக்கலாம். ஆனால் அன்று மதியம் இன்னொன்றையும் கவனித்தேன். நாலு மணி வாக்கில் பிளாக்அவுட் துணியை மறுபடி மாட்டி, புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். இஸ்திரி போட்டு மடித்த சட்டை மாதிரி இருந்தது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத்தான் அந்தத் துணி பிடிக்கிறது, பிடித்துச் சூடாகிறது, அந்தச் சூடு கண்ணாடி வழியாக வெளியே போவதில்லை, அறைக்குள்ளேயே சுற்றுகிறது. இருட்டைத்தான் நான் விலை கொடுத்து வாங்கியிருந்தேன், சூட்டை அப்படியே விட்டுவிட்டேன். இன்னொரு பக்கம், மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். ஹாலில் நுழைந்து படுக்கையறை ஜன்னல் வழியாக வெளியேறினால்தான் அது உள்ளே வரும். அந்த வழியைக் கனத்த துணியால் நானே அடைத்திருந்தேன். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே நிறுத்த வேண்டும், காற்றை நிறுத்தக் கூடாது. இரண்டு நிபந்தனைதான். 

பச்சை நெட்டை முதலில் நினைத்தேன். 50 சதவீதம், 75 சதவீதம், 90 சதவீதம் என்று நிழல் கணக்கில் மீட்டருக்கு விற்கிறார்கள், மலிவுதான். ஆனால் அறைக்குள் எல்லாம் பச்சையாகத் தெரியும். வார்டில் பச்சைத் துணிகளுக்கு நடுவே வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அது வேண்டாம் என்று தோன்றியது. அவளிடமே கேட்டேன். அவள் ஊர் சேரன்மகாதேவி. பத்தமடை பக்கத்திலேயே இருக்கிறது, தாமிரபரணிக் கோரையில் பட்டு மாதிரி பாய் நெய்கிற ஊர். “எங்க ஊர்ல வெயிலுக்குப் பாயத்தான் கட்டுவாங்க. நல்ல பாய் வேண்டாங்க, பாவம். சாதாரணக் கோரைப்பாய் போதும்” என்றாள். 

மூன்றடிக்கு ஆறடி கோரைப்பாய் 280 ரூபாய். பெட்டி கிரில்லின் முன்பக்கம் நாலரை அடி அகலம். பக்கவாட்டு ஒன்றரை அடி. கூட்டினால் ஆறு. பாயைப் படுக்கைவாட்டில் பிடித்து, முன்பக்கம் முழுவதையும் மூடி, மீதி ஒன்றரை அடியை வலது பக்கம் மடக்கினால் கச்சிதமாக முடிந்தது. கோடை வெயில் வருகிற வலது பக்கம். உயரம் நான்கடியில் பாய் மூன்றடி, மேலே ஓரடி திறந்தே இருக்கும், அங்கே சன்ஷேடின் நிழல். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் அந்த ஓரடி போதும். கதவுகளைத் திறந்து கிரில்லுக்குள் கையை விட்டு, அடிக்கு ஒரு முடிச்சாகச் சணல் கயிற்றால் கட்டினேன். கட்டுக்கம்பி வேண்டாம் என்று தோன்றியது, துருப்பிடித்துக் கோரையை அறுக்கும். அடியோரத்தையும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் படபடவென்று அடித்து அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். சுவரில் ஓர் ஓட்டை இல்லை, அரை மணி நேர வேலை.

சூடு வெளியே நின்றுவிட்டதால் உள்ளே கனத்த துணிக்கு வேலை இல்லாமல் போனது. இருட்டு மட்டும் கொஞ்சம் வேண்டும். வீட்டில் சென்னிமலை பெட்ஷீட் ஒன்று இருந்தது, கருநீலக் கட்டம். தெருமுனை டெய்லரிடம் கொடுத்து இரண்டாக வெட்டி, மேலே குழாய் மாதிரி மடித்துத் தைத்து வாங்கினேன், 80 ரூபாய். மாட்டுவதற்குப் பழைய காலத்து ஸ்கிரீன் ஸ்பிரிங். பிளாஸ்டிக் உறை போட்ட சுருள் கம்பி, இரண்டு முனையிலும் திருகு கொக்கி. நம் வீடுகளில் பாதி ஜன்னலுக்கு ஸ்கிரீன் போட எல்லாரும் வைத்திருந்தது. ஆனால் கொக்கியை ஜன்னலின் மரச்சட்டத்தில் திருக வேண்டும். இதற்கு மட்டும் ஓனருக்குப் போன் செய்தேன். நெஞ்சு படபடத்தது. உரிந்த டிஸ்டெம்பரைப் பற்றியும் சொல்லிவிட்டேன். “மரத்துல தாராளமா போடுங்க சார், சுவத்துலதான் வேண்டாம்னேன். சிமென்ட் பெயர்ந்து வந்தா பூசவே முடியறதில்ல. யாரும் கேக்கறதே இல்ல, இடிச்சப்புறம்தான் எனக்குத் தெரியுது” என்றார். நாலு மாதம் முன்பே நான் கேட்டிருக்கலாம். இரண்டு ஓரத்திலும் இரண்டு கொக்கி, தொய்யாமல் இருக்க நடுக்கட்டையில் ஒன்று. கொக்கிக்கும் ஸ்பிரிங்குக்கும் சணலுக்கும் சேர்த்து 80 ரூபாய். பாயோடு மொத்தம் 440.

முதல் நாள் அவள் நாலே முக்கால் வரை தூங்கினாள். எழுந்து எனக்குப் போன் செய்தாள். “என்னங்க, இன்னிக்கு வெயிலே இல்லையா?” என்றாள். அன்று நல்ல கத்திரி வெயில். அலுவலகத்தில் நான் பால்கனிக்குப் போய் நின்று கொஞ்ச நேரம் அந்த வெயிலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பாயில் குறைகள் உண்டு. மழை பட்டால் கோரை கறுத்து மக்கும். ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் அவிழ்த்து, வெயிலில் காயவைத்துச் சுருட்டிப் பரணில் போட்டுவிட வேண்டும். செப்டம்பர் கடைசியிலேயே சூரியன் இடது பக்கம் போகத் தொடங்கிவிடும், அதனால் அந்த நாட்களில் கட்டிலுக்குத் தொந்தரவும் இல்லை. ஆடிக்காற்றில் இரண்டு முடிச்சு அறுந்தது. தூசி பிடிக்கிறது, மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இரண்டு கோடை தாங்கியிருக்கிறது. வலது மூலையில் மடக்கிய இடத்தில் கோரை ஒடியத் தொடங்கிவிட்டது, மூன்றாவது கோடைக்கு வேறு வாங்க வேண்டியிருக்கும்.

சமையலறை ஜன்னல் மாடிப்படி வராந்தாவைப் பார்த்து இருக்கிறது, போகிறவர் வருகிறவர் எல்லாரும் அடுப்பைப் பார்க்கலாம். அங்கே வெயில் பிரச்சினையே இல்லை, பார்வைதான் பிரச்சினை. நின்றால் கண் மட்டம் எங்கே வருகிறதோ அதுவரைக்கும் பழைய பருத்தித் துப்பட்டா ஒன்றை ஸ்பிரிங்கில் கோர்த்து, கிரில்லிலேயே மாட்டிவிட்டோம். மேல் பாதி திறந்தே இருக்கிறது, தாளிப்புப் புகை போக. அளவெடுக்கும்போது சட்டத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன், மேலுக்கும் கீழுக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம் இருந்தது. குளியலறை வெண்டிலேட்டரைத் தொடவே இல்லை, அது உயரத்தில் இருக்கிறது, காற்று போகட்டும். பிளாக்அவுட் துணி அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே கிழக்கு ஜன்னல், விடியற்காலை வெளிச்சத்துக்கு அது நன்றாக இருக்கிறது என்கிறார்.

போன மாதம் ஓனர் கூப்பிட்டார். மகன் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்புகிறார், வீடு வேண்டும், அவசரமில்லை, தைக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீடு தேட ஆரம்பித்துவிட்டோம். புரோக்கர்கள் காலையில்தான் காட்ட விரும்புகிறார்கள், அப்போது எல்லா வீடும் அழகாக இருக்கும். நாங்கள் மூன்றரைக்குத்தான் வருவோம் என்கிறோம். கூட்டிப் போகிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நான் காம்பஸ் வைத்து, இந்த ஜன்னலுக்குச் சித்திரையில் வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கூரையில் கொக்கி இருக்கிறதா, கண்ணாடியில் பசைக் கறை இருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

போன வியாழக்கிழமை மடிப்பாக்கத்தில் ஒரு வீடு. படுக்கையறையில் இரண்டு ஜன்னல், ஒன்று தெற்கு, ஒன்று மேற்கு, இரண்டும் ஒரே மூலையில் சேருகிற மாதிரி. நான் டேப்பை எடுப்பதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். துப்பட்டாவை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு வெறும் தரையில் படுத்துக் கண்ணை மூடினாள். புரோக்கர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினேன். ஐந்து நிமிடம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, “மேக்குப் பக்கம் பரவாயில்லங்க. அந்தத் தெக்கு ஜன்னலை மார்கழியில வந்து பாக்கணும்” என்றாள்.